வாசல் கரும்பலகை

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு
வாசல் கரும்பலகையை ஈரத்துணியால் துடைப்பது
நூலக உதவியாளர் வேலையில் எழுதப்படாத ஒன்று.
போன வாரத்துப் பட்டிமன்றம் போகவே போகாது.
ஊதா சாக்பீஸ் வாங்காதீர்கள் என்று
அலுவலகத்தில் மூன்று முறை சொல்லியாயிற்று.

புதன், கவியரங்கம். மாலை நான்கு மணி. கருத்தரங்கக் கூடம்.
(கூடம் என்பது பழைய சைக்கிள் கொட்டகை.
ஒரே மின்விசிறி, அதுவும் தலைமை தாங்குபவர் பக்கம்.)
வியாழன், ஓவியக் கண்காட்சி, வேதியியல் ஆய்வக வராந்தா.
ஓமலூர் ரோஸ்லின் ஜவ்வரிசிச் சாக்கை விரித்து
சுரங்கத்து வெள்ளைக்கல் பொடியால் தீட்டியவை.
தொட்டால் கையோடு வரும், தொடாதீர்கள் என்றும் எழுதவேண்டும்.
வெள்ளி, நாடகம்.
பெயர் நாளைக்குச் சொல்கிறேன் என்று பரக்கத்துல்லா
போன திங்களும் சொன்னான்.
இடம் விட்டிருக்கிறேன்,
பெயர் வைக்காத பிள்ளைக்குத் தொட்டில் கட்டியதுபோல.

நானூற்றுப் பதினோரு பேர் படிக்கிற கல்லூரி.
முன்னால் ஏற்காடு ரோடு, பின்னால் மலை.
இந்நேரத்துக்கு மலை இருக்காது, மேகம்தான்.
பத்து மணிக்கு மேல் யாரோ துடைத்துவிட்டதுபோல்
ஓரத்திலிருந்து கறுப்பாய்த் தெரிய ஆரம்பிக்கும்.

சென்ற கவியரங்கத்துக்கு வந்தவர்கள் பதினான்கு பேர்.
ஐவர் கவிஞர்கள்.
மூவர் கவிஞர்களின் நண்பர்கள்.
இருவர் தட்டுவடை செட்டுக்காக வந்து
பூண்டுச் சட்னி தீர்ந்ததும் கிளம்பியவர்கள்.
ஒருவர் அறை மாறி வந்தவர்,
அவர்தான் கடைசிவரை இருந்தார், கைதட்டினார்.
மீதி மூவர் அறிக்கையில் மட்டும் வந்தார்கள்.

இந்தப் பலகையில் எதுவும் நடந்ததில்லை.
எல்லாம் நடைபெறும்.
தொடங்கும். வழங்கப்படும். பின்னர் அறிவிக்கப்படும்.
தள்ளி நின்று படித்தால்
யாரோ சொல்லும் கதைக்குப் பலகை
உம் கொட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது.

பெயர்ப் பட்டியலில் ஆறாவதாக
பென்சிலில் ஒரு பெயர்.
வெ. பூங்காவனம், இரண்டாமாண்டு தாவரவியல், செம்மநத்தம்.
தேதி முத்திரை விழுந்த புத்தகத்தை
ஒருநாளும் தாமதித்தவளில்லை,
ஏழாவது கொண்டைஊசியில் மண் சரிந்த வாரம் தவிர.
அன்று பாலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்தாள்,
அபராதம் இரண்டு ரூபாயைத் தனியே மடித்து.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு காப்பிப் பூ இருந்தது.
தவறுதலாக இருக்கலாம்.
நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

அவள் ஊருக்குப் போகும் கடைசி பஸ்
அடிவாரத்தை மூன்றே முக்காலுக்குத் தாண்டிவிடும்.
இருபது வளைவு. அதற்கப்புறம் நடை.
நான்கு மணி என்று எழுதி முடித்த பிறகுதான்
பென்சில் எதற்கென்று உறைத்தது:
அழிப்பவருக்குச் சிரமம் வைக்காத எழுத்து.

நான்கை அழித்தேன்.
விரலால்தான், துணியைத் தேடவில்லை.
இரண்டு என்று போட்டேன்.
இரண்டுக்குக் கணக்குப்பதிவியல் தேர்வு முடிந்திருக்காது,
கவிஞர்களில் மூவர் வணிகவியல்.
இரண்டரை என்று திருத்தினேன்.
எத்திராசு சார் கேட்டால் கை தவறிவிட்டது என்பேன்.
ஆத்தூரிலிருந்து சிறப்பு விருந்தினர் நான்குக்குத்தான் வருவார்.
வரட்டும்.
எல்லோரும் படித்துவிட்டுப் போன கூடத்தில்
தலைமை தாங்கட்டும்,
மின்விசிறி அவர் பக்கம்தானே.

ஒன்பதே காலுக்கு மலை பஸ் வாசலில் நின்றது.
இறங்கியவள் பலகையைப் பார்த்தாள்.
கண்ணாடிக் கதவு வழியே நான் அவளைப் பார்த்தேன்,
ஊதா இன்னும் விரலில்.
நேரே நூலகத்துக்கு வந்து பட்டியலைக் கேட்டாள்.
மேசையில் நூலில் கட்டிய பேனாவை எடுத்து
தன் பெயரின் தலையில் வைத்து
உதறினாள், இன்னொரு முறை உதறினாள்,
எழுதுமா என்றாள்.

எழுதும்.